முதலாளி வீட்டுக் காரின் கூரைத் துணி

பழைய கார்களைக் கொஞ்சுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. உன் பிழைப்பே அவர்களால்தானே ஓடுகிறது என்று என் கணவர் கேட்பார். ஓடட்டும். அதற்காகப் பிடிக்க வேண்டும் என்று சட்டமா? விருதுநகரை விட்டு சாத்தூர் போகிற ரோட்டில், தகரக் கொட்டகை போட்டு, கார்களுக்கு உள்வேலை செய்கிற கடை வைத்திருக்கிறேன். சீட் தைப்பது, கதவின் உள்பக்க அட்டைக்கு ரெக்சின் போடுவது, தலைக்கு மேலே கூரைத் துணியை இழுத்துக் கட்டுவது எல்லாம் நானேதான். கணவர் ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் அப்பா.

இரண்டு வருடம் முன்பு, பட்டாசு சீசன் சூடு பிடிப்பதற்கு முன்னால், ஒரு மினி லாரியில் கறுப்பு அம்பாசிடர் ஒன்று வந்து இறங்கியது. மிகப் பழைய மாடல். கூரைத் துணி கிழிந்து, உள்ளே யாராவது உட்கார்ந்தால் தலையில் உரசுகிற அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நம்பரைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. அந்தக் காரை எனக்குத் தெரியும். அதன் பின்னாலேயே வேறொரு காரில் வந்து இறங்கியவனையும் தெரியும். பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மகன். அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவனுக்கு என்னைத் தெரியவில்லை.

"நல்லா வேலை செய்வீகன்னு மதுரைல சொன்னாகக்கா," என்றான். "எங்கப்பா ஓட்டுன வண்டி. சீசன் தொடங்கைல புது ஷோரூம் வாசல்ல நிறுத்தணும். பின்சீட்டுல அப்பா படத்த வச்சு மாலை போடப் போறோம்."

அவன் அப்பா செத்துப்போனது எனக்குத் தெரியும். அன்றைக்கு என் வீட்டில் மீன் குழம்பு வைத்தேன்.

கூரைக்கு எந்தத் துணி வேண்டும் என்று கேட்டு, இருக்கிற துண்டுகளை எடுத்துப் போட்டேன். கொஞ்சம் பளபளப்பாக இருந்ததை அவன் ஒரு விரலால் தள்ளினான்.

"இது ஆகாது. நைலான் கலந்தது. நூல் துணிதான் வேணும். எங்க குடும்பத்துல நைலான் ஏறாது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"எங்க கம்பெனில முந்தி ஒரு பொம்பள நைலான் சேலைய உடுத்திட்டு உள்ள வந்துட்டா. உரசுச்சு, பொறி பறந்துச்சு, ஷெட்டே வெடிச்சுப் போயிருச்சு. எம்புட்டு உசுரு! கேட்ல நின்னு பாக்க வேண்டிய போர்மேன் பராக்குப் பாத்துட்டு நின்னுருக்கான். அதுலயே எங்கப்பா ஒடிஞ்சு போனாரு."

பராக்குப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த போர்மேன் என் அப்பா. அவன் அப்படிச் சொன்ன நேரத்தில், முப்பது அடி தள்ளி, வீட்டு நடையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

வேலையை ஒத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவனுக்கு அது இன்னொரு கடை, அவ்வளவுதான். வண்டியை ஏற்றிக்கொண்டு போயிருப்பான். எனக்கு அவன் வேண்டியிருந்தது. போர்மேன் மேல் தப்பில்லை என்று அவன் வாயாலேயே, அப்பாவின் முகத்துக்கு நேராக, ஒரு வார்த்தை சொல்ல வைக்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அந்த விபத்து நடந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பட்டாசு ஆலையில் பெண்கள் நூல் சேலைதான் கட்டி வர வேண்டும். காலையில் கேட்டில் வரிசையாக வருகிறவர்கள் முந்தானை நுனியை நீட்டுவார்கள். அப்பா இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, நூல் என்றால் உள்ளே விடுவார். கொஞ்சம் வழவழவென்று இருந்தால் சண்டை போட்டாவது திருப்பி அனுப்புவார். அப்படித் திருப்பப்பட்டவர்கள் அம்மாவிடம் வந்து அழுததும் உண்டு. வீட்டில் எங்களுக்கும் அதே சட்டம்தான். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நைலான் தாவணி கேட்டு நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவரை, பார்க்காமல் விட்டார் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எந்த ஆலை வெடித்தாலும் முதலில் உள்ளே போகிறவர் போர்மேன்தான், அது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்பா ஜெயிலில் இருந்து வரும்போது அம்மா படுக்கையில் விழுந்திருந்தாள். எந்தக் கம்பெனியிலும் அவருக்கு வேலை இல்லை. ஊரில் யாரும் திட்டவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அது போதாதா? விருதுநகருக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போகமாட்டார். அவமானம் அவரை அப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வெறுத்தது மூன்று பேரை. முதலாளியை. பிறகு, மினுக்கிக்கொண்டு நைலான் சேலையில் வந்து எங்கள் குடும்பத்தை நாசமாக்கிய அந்தப் பெண்ணை. அவள் செத்துப்போனாள் என்பதற்காக நான் ஒரு நாளும் இரக்கப்பட்டதில்லை. மூன்றாவது, ஆள் இல்லை, இந்தக் கார். வெடி விபத்து நடந்த அன்று சாயங்காலம் இது எங்கள் தெருவுக்கு வந்தது. முதலாளி என் அப்பாவைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார். அந்தப் புழுக்கத்தில் கண்ணாடி நான்கையும் ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கண்ணாடிக்குள் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. மறுநாள் போலீஸ் வந்தது.

இப்போது அதே காரைக் குடல் உருவினேன். சீட்டைத் தூக்கி வெளியே எறிந்தேன். தேங்காய் நார் மக்கி, உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் ரப்பரோடு கழற்றினால்தான் கூரைத் துணியின் ஓரம் வெளியே வரும். அதைக் கழற்றினேன். கூரைத் துணி சும்மா ஒட்டியிருக்காது. துணியின் மேல்புறம் குறுக்கே நாடா போலப் பை தைத்து, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு இரும்புக் கம்பி கோத்திருக்கும். வில் மாதிரி வளைந்த கம்பி. அதுதான் துணியைத் தாங்குகிறது. ஒரு கம்பியின் வளைவு இன்னொன்றுக்கு வராது, இடம் மாற்றிப் போட்டால் துணி சுருக்கம் விழுந்து அசிங்கமாக நிற்கும். எந்தக் கம்பி எந்த இடம் என்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல் கட்டி வைத்தேன். இந்த மாடலுக்கு வேறு கம்பி எந்தப் பழைய இரும்புக் கடையில் தேடினாலும் அகப்படாது. கிழிந்த துணியைத் தையல் பிரித்து வைத்தேன், அதுதான் புதுத் துணி வெட்ட அளவு. கம்பியும் பழைய துணியும் இல்லையென்றால் அந்தக் காருக்குக் கூரை கிடையாது. இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

கார் வந்த நாளில் இருந்து அப்பா கடைப்பக்கம் வரவில்லை. கதவு அட்டைகளைக் கழற்றப் போகும்போது மட்டும் பின்வாசலில் வந்து நின்றார்.

"உள்ள பட்டாசுக்குப் போடுற வெள்ளிப் பொடி அடஞ்சிருக்கும் தாயி, பொறி பட்டாப் பத்திக்கும். இரும்பு வச்சுச் சுரண்டிராத. மூங்கில் பத்தைய வச்சு எடு. மிஷினு எதுவும் ஓட்டாத."

அட்டையை எடுத்தால், அவர் சொன்ன மாதிரியே உள்மூலையில் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. சரக்கு ஏற்றாத பட்டாசு முதலாளி கார் எது? மூங்கில் பத்தையால் வழித்து எடுத்தேன். இத்தனை வருடம் கழித்து ஒரு சிட்டிகைப் பொடிக்கு இரும்பைக் காட்டாதே என்கிற மனிதர் பராக்குப் பார்த்தாராம்.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க அவன் வந்தான். கூரை இல்லாமல் வெறும் தகரமாக நின்ற காரைப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்னக்கா, இன்னும் எலும்புக்கூடாவே நிக்குது?"

"நிக்கும். நீங்க அன்னைக்கு ஒரு போர்மேனப் பத்திச் சொன்னீகள்ல? அவரு எங்கப்பா. வீட்டுக்குள்ளதான் இருக்காரு. அவரு மேல தப்பில்லன்னு அவருகிட்டயே ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா, மறுநாளே கூரை போட்டுருவேன்."

என்னையும் வீட்டு நடையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

"கோர்ட்டே சொன்னதுக்கா. நான் எப்படி மாத்திச் சொல்ல?"

"அப்ப வண்டிய எடுத்துட்டுப் போங்க. கம்பியும் பழைய துணியும் எங்கிட்ட இருக்கட்டும்."

"இது என்ன அடாவடி?"

"அடாவடிதான்."

"போலீசுக்குப் போவேன் பாத்துக்கோங்க."

"தாராளமாப் போங்க. எங்க வீட்டுக்கு வழி அவுகளுக்குத் தெரிஞ்சதுதான்."

போலீசுக்குப் போகவில்லை. காரியாபட்டியில் இருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆள் காருக்குள் தலையை விட்டு மேலே பார்த்தார், கம்பி எங்கே என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "கம்பி இல்லாம நான் தலைகீழா நின்னாலும் முடியாது சார்," என்று சொல்லிவிட்டு என் கடையிலேயே ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். என் கணவர் போனில் கத்தினார். பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதற்கு, கொடுத்துத் தொலை என்றார். சர்ச்சில் பக்கத்து பெஞ்ச் டீச்சர்கூட, பழசைக் கிளறாதே என்று புத்தி சொன்னாள். கிளறினால் என்ன வந்துவிடும் என்று கேட்டேன். எனக்கு அப்போது தெரியாது.

சீசன் நெருங்கியது. ஒரு ஞாயிறு காலை, நாங்கள் கோயிலில் இருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற நேரம், அவன் வந்து நின்றான். கையில் பழத்தட்டு. டிரைவர் கையில் பொன்னாடை. இவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பொன்னாடைதான். ஷோரூம் திறந்தாலும் பொன்னாடை, ஒருவரின் வாழ்க்கையை நாசமாக்கினாலும் பொன்னாடை. டிரைவர் இன்னொரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுக்கத் தயாராக நின்றான்.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவன் யார் என்று நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் அப்படியே அவன் அப்பா முகம்.

"பெரியவரே, அன்னைக்கு நடந்ததுல உங்க மேல தப்பு எதுவும் இல்ல. எங்க குடும்பம் சார்பா நான் சொல்லுறேன்," என்று ஒப்பித்தான். ஒப்பித்தாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டான். எனக்குக் கண் கலங்கியது. சொல்லிக்கொண்டே பொன்னாடையை விரித்து அப்பாவின் தோளில் போர்த்தினான்.

அப்பா அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். தேள் விழுந்ததைப் போல உதறிக் கீழே தள்ளினார். சரிகை மினுக்குகிற நைலான் அது, மொத்தக் கடையில் கட்டுக் கட்டாக வாங்குவது. காரில்கூட நைலான் ஏறாது என்றவன், என் அப்பாவின் மேல் அதைக் கொண்டுவந்து போட்டான். ஆலைக்குள் போகும்போதுதானே இவனுக்கு நூலும் நைலானும்? வெளியே வந்தால் எல்லாம் துணி.

"இது நைலான் தம்பி," என்றார் அப்பா. "அந்தப் பிள்ள அன்னைக்குக் கட்டியிருந்தது நூல் சேல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பிள்ளப்பா?" என்றேன்.

"செத்துப் போச்சே, அந்தப் பிள்ள. நான் தொட்டுப் பாத்துத்தான உள்ள விட்டேன். நல்ல நூல் சேல, வெளுத்துப்போனது. அது மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப நைலான்னு போலீஸ்ல யாரு சொன்னா?"

"நாந்தான் தாயி."

காரின் பின்சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசியது என்ன என்று அப்போது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வெடித்த அந்த ஷெட்டில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு ஆட்களை முதலாளி உட்கார வைத்திருந்தார், ஆர்டர் அவசரம். வெடிமருந்தும் அளவுக்கு மேல் குவிந்து கிடந்தது. அது வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், கம்பெனிக்குப் பூட்டு விழும், உனக்கும் வேலை போகும், எனக்கும் பிழைப்பு போகும் என்று முதலாளி சொன்னார். செத்தவள் வந்து இல்லையென்று சொல்லப் போகிறாளா? நைலான் சேலை கட்டி வந்தாள், நீ கவனிக்கவில்லை என்று சொல், கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வா, திரும்ப வேலை தருகிறேன். அப்பா அதை நம்பினார். வேலையும் வரவில்லை, முதலாளியும் வரவில்லை.

"வயசாயிருச்சு, ஏதேதோ பேசுறீக பெரியவரே," என்றான் முதலாளி மகன். டிரைவரிடம் போனைக் கீழே இறக்கச் சொன்னான். என் பக்கம் திரும்பி, "நீங்க கேட்ட வார்த்தைய நான் சொல்லிட்டேங்க்கா. கூரையப் போட்டுக் குடுங்க. இதெல்லாம் வெளிய பேச வேணாம்," என்றான்.

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது? கட்டிலுக்கு அடியில் குனிந்து கம்பிகளை இழுத்தேன்.

கூரையைப் போட்டேன். புதுத் துணியில் பை தைத்து, நூல் நிறம் பார்த்துக் கம்பிகளைக் கோத்து, நடுக்கம்பியை முதலில் மாட்டி, அங்கிருந்து முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டே போனேன். நூல் துணியை லேசாக ஈரப்படுத்தி இழுத்து ஓரத்தை ஒட்டிவிட்டால், காய்ந்ததும் தானாக விறைத்துக்கொள்ளும். கண்ணாடிகளை மாட்டினேன். கதவு அட்டைகளை அடித்தேன். ஒரு சுருக்கம் விழுந்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். விழவில்லை. கோபத்திலும் எனக்கு மோசமாக வேலை செய்யத் தெரியாது. அந்தக் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு, அண்ணாந்து ஓரங்களை ஒட்டும்போது, என் அப்பா தலையாட்டியதும் இதற்குக் கீழேதான் என்ற நினைப்பு விடவேயில்லை. கார் போனது. பத்திரிகையில் படம் வந்ததாம், நான் பார்க்கவில்லை.

அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இத்தனை வருடம் நான் அந்தப் பெண்ணைச் சபித்தேனே, அதையெல்லாம் கேட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்து பூண்டு உரித்திருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"அவுக வீடு எங்கன இருக்கு?"

அவருக்குத் தெரிந்திருந்தது. சாத்தூர் தாண்டி ஒரு கிராமம். ஊர் பெயர், தெரு, எல்லாம் தெரிந்திருந்தது. பஸ் ஏறினோம். வழி முழுக்க அவர் பக்கத்தில் நான் உட்காரவில்லை.

அந்த வீட்டு வாசலில் என் வயதில் ஒருத்தி பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். செத்தவளின் மகள். அப்பாவைப் பார்த்ததும் பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அப்பா நின்றபடியே சொன்னார். உங்க அம்மா கட்டியிருந்தது நூல் சேலைதான், நான் பொய் சொல்லிட்டேன், என்னை மன்னிச்சிரு தாயி என்றார்.

"நீங்க வந்து சொல்லித்தான் நாங்க தெரிஞ்சுக்கணுமா?" என்றாள். சத்தம் போடவில்லை. "எங்கம்மாகிட்ட நைலான் சேலையே கிடையாது. இருந்தது ரெண்டு நூல் சேல. ஒண்ணு உடுத்திட்டுப் போனது, ஒண்ணு கொடில கெடந்தது. எங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

அப்பா கையைக் கூப்பிக்கொண்டே நின்றார்.

"ஊருதான் நம்புச்சு. செத்தவுக அம்புட்டுப் பேரும் இந்தத் தெருக்காரவுக. மினுக்கிக்கிட்டுப் போயி ஊரையே கொன்னவ புருசன்னு எங்கப்பனை ஒரு விசேசத்துக்குக் கூப்பிடல. சாகுற வரைக்கும் கூப்பிடல. எங்கிட்ட எதுக்குச் சொல்லுறீக? அங்கன போயி வீடு வீடாச் சொல்லுங்க." தெருவின் கோடியைக் கையால் காட்டினாள். "மொதல்ல அந்தப் பச்சை வீடு. அதுல ரெண்டு பேரு போனாக."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் போய்க் கதவைத் தட்டி, அவருக்காக நாலு வார்த்தை பேசிக் கொடுப்பேன் என்று நினைத்திருப்பார். எல்லா இடத்திலும் நான்தானே பேசுகிறவள்.

"போங்கப்பா," என்றேன்.

அவர் போய்ப் பச்சை வீட்டின் கதவைத் தட்டினார்.